கணினியைப் போட்டதும் பாஸ்வேர்ட் கேட்காமல் நேரே திறக்கச் செய்யலாமா? (அப்பாவுக்காக)

உப்புவெளி_மகள்

வணக்கம். அப்பாவுக்கு 76 வயது. திருகோணமலை உப்புவெளியில் தனியாக இருக்கிறார், நான் கொழும்பு வெள்ளவத்தையில். வீட்டில் ஒரு பழைய டெஸ்க்டொப், விண்டோஸ் 10. அப்பா அதில் செய்வது மூன்றே வேலைதான்: காலையில் பேப்பர் பார்ப்பது, யூடியூப்பில் தேவாரம் கேட்பது, ஞாயிறு இரவு ஏழரைக்கு ரொறன்ரோவில் இருக்கும் தம்பியுடன் வீடியோவில் கதைப்பது. முன்பு ஸ்கைப்பில் கதைத்தார். அதை 2025 மே மாதம் மூடிவிட்டார்கள், இப்போது வாட்ஸ்அப்.

சிக்கல், கணினியைத் திறக்க அடிக்கும் 'பின்' இலக்கம். நாலு இலக்கம்தான், அவர் மறப்பதில்லை. ஆனால் கை நடுக்கம் இருப்பதால் ஒரு தரம் அழுத்தினால் இரண்டு தரம் விழுகிறது. நாலாவது இலக்கம் விழுந்த உடனேயே விண்டோஸ் தானாகச் சரிபார்த்துப் பிழை என்று சொல்லிவிடுகிறது, அழித்துத் திருத்த நேரம் இல்லை. போன ஞாயிறு நாலைந்து தரம் பிழைத்த பிறகு 'ஏ1பி2சி3 என்று எழுதவும்' என்று திரையில் வந்திருக்கிறது. அப்பா அதைப் புதுப் பாஸ்வேர்ட் என்று நினைத்துக் கலண்டரில் எழுதி வைத்துவிட்டார். திங்கள் முதல் ஒவ்வொரு நாளும் அதை அடித்துப் பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடுக்கிறார்: "பிள்ளை, கொம்பனி தந்த நம்பரும் வேலை செய்யுதில்லை."

ஒன்றும் கேட்காமல் நேரே உள்ளே போகச் செய்ய வழி இருக்கிறதா? பக்கத்து வீட்டுப் பொடியன் உயர்தரம் படிக்கிறான், சொன்னால் செய்து தருவான்.

---

கடற்காற்று

வழி இருக்கிறது அக்கா, பத்து நிமிட வேலை. அதற்கு முதல் ஏ1பி2சி3 பற்றி ஒரு வார்த்தை. அது பாஸ்வேர்ட் இல்லை. பின் இலக்கம் பல தரம் பிழைத்தால், கீபோட் பழுதா, ஏதாவது அகப்பட்டு விசை அமர்ந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்காக விண்டோஸ் அப்படி எழுதச் சொல்லும். எழுதினால் இன்னும் ஒரு முறை பின் இலக்கம் கேட்கும், அவ்வளவுதான். மேசையில் இருந்த கொப்பி கீபோட்டின் மேல் சரிந்து கிடந்தாலும் இதே வரி வரும். நானும் கடையில் கண்டிருக்கிறேன்.

நான் கேட்பது வேறு. அப்பா இலக்கத்தை அடிப்பது வலது பக்க நம்பர் பகுதியிலா, மேல் வரிசையிலா?

---

உப்புவெளி_மகள்

கேட்டுவிட்டேன். எப்போதும் வலது பக்கத்தில்தானாம். தபால் கந்தோரில் வேலை செய்த காலத்தில் கல்குலேட்டர் அடித்துப் பழகிய கை. ஆனால் "சில நாளில் அந்தப் பக்கம் ஒண்டும் விழாது, அப்ப மேலே அடிப்பன்" என்கிறார்.

---

கடற்காற்று

அதுதான். அந்தச் சில நாள் கரண்ட் போய் வந்த நாளாக இருக்கும். நம்லொக் லைட் அணைந்திருந்தால் வலது பக்க விசைகள் இலக்கமாக விழாமல் அம்புக்குறியாக வேலை செய்யும், திரையில் ஒரு புள்ளிகூட வராது. உடனே அவர் பழக்கமில்லாத மேல் வரிசைக்குப் போகிறார், அங்கே நடுக்கத்தால் இரட்டை இரட்டையாக விழுகிறது, ஏ1பி2சி3 வருகிறது. பயோஸில் (விண்டோஸ் வருவதற்கு முதல் திறக்கும் அடிப்படை செட்டிங் திரை) போய், கணினி தொடங்கும்போது நம்லொக் எரிந்திருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது.

இரட்டை விழுவதற்கும் மருந்து இருக்கிறது. பின் இலக்கம் கேட்கும் திரையின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னப் படம் இருக்கும், உடல் இயலாமை உள்ளவர்களுக்கான வசதிகள் அதற்குள். அதில் 'ஃபில்டர் கீஸ்' என்பதைப் போட்டால் அடுத்தடுத்து விழும் ஒரே எழுத்தை விண்டோஸ் கணக்கில் எடுக்காது. அப்பாவின் உண்மையான சிக்கல் இது என்றால் பாஸ்வேர்டை எடுக்காமலே முடித்துவிடலாம். யோசித்துப் பாருங்கள்.

---

மூதூரான்

திருகோணமலைக் கோட்டையில் திரியிற மான் கூட பாஸ்வேர்ட் கேட்காமல் உள்ளே வருது. அப்பாவுக்கு மட்டும் ஏன் இவ்வளவு கரைச்சல்?

---

உவர்மலையான்

மான் வந்தால் வாழைக்கன்றைத் தின்றுவிட்டுப் போகும். கள்ளன் வந்தால் வேறு கதை.

நான் சொல்வது கேட்கப் பிடிக்காது, ஆனாலும் சொல்கிறேன். தானாகத் திறக்கச் செய்வது என்றால், அந்தப் பெட்டியின் பொத்தானை அழுத்தும் யாருக்கும் அப்பாவின் ஈமெயில், குரோமில் சேமித்த பாஸ்வேர்ட், வாட்ஸ்அப் எல்லாம் ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பது. குரோம் சேமித்த பாஸ்வேர்டைக் கண்ணால் காட்டுவதற்கு முன் விண்டோஸ் பின் இலக்கம் கேட்கும் என்று ஆறுதல் சொல்வார்கள். காட்டத்தான் கேட்கும். தளத்துக்குப் போனால் கேட்காமலே நிரப்பிவிடும், உள்ளே நுழைந்துவிடலாம். ஃபயர்பொக்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்று ஒன்று போட்டால் நிரப்புவதற்கு முதலே கேட்கும். ஆனால் பின் இலக்கமே அடிக்க முடியாதவரிடம் அதைக் கொடுப்பதில் பயன் இல்லை.

லப்டொப் என்றால் நான் செய்யவே விட மாட்டேன். விண்டோஸ் 11 மடிக்கணினி பலவற்றில் இப்போது வட்டு தானாகவே பூட்டப்பட்டுத்தான் வருகிறது. கள்ளன் வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் ஒன்றும் வாசிக்க முடியாது. ஆனால் அந்தப் பூட்டு கணினியைப் போட்டதும் தானாகத் திறந்துகொள்ளும், அதற்குப் பிறகு நிற்கும் காவல் பாஸ்வேர்ட் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் பெட்டகத்தை வாங்கித் திறப்பை அதிலேயே தொங்கவிட்ட மாதிரி.

---

கடற்காற்று

உவர்மலை அண்ணை சொல்வது லப்டொப்புக்கு நூற்றுக்கு நூறு சரி. இது வீட்டு மூலையில் இருக்கும் டவர், கள்ளன் தூக்கினால் கூடவே கரல் பிடித்த மொனிட்டரையும் தூக்க வேண்டும். (உப்புவெளிக் காற்றுக்கு அந்தப் பெட்டியின் பின்பக்க ஆணி எல்லாம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.)

ஆனால் அவர் தொட்ட இடம் முக்கியம். அக்கா, அந்தக் கணினியில் இருக்கும் கணக்கு யாருடைய ஈமெயிலில் திறந்தது?

---

உப்புவெளி_மகள்

ஐயோ. என்னுடையதில். வாங்கியபோது நான்தான் செட் பண்ணினேன், அப்பாவிடம் அப்போது ஈமெயில் இல்லை.

இப்போது பொடியனைப் பார்க்கச் சொன்னேன். என் வன்டிரைவ் (இணையத்தில் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) முழுக்க அங்கே தெரிகிறதாம். என் அடையாள அட்டை, பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஸ்கேன், வேலையிடத்துக் கடிதங்கள். பொடியன் வீடியோ கோலில் காட்டினான், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

---

உவர்மலையான்

சொன்னேனே.

---

கடற்காற்று

பயப்பட வேண்டாம், நல்ல நேரத்தில் கண்டீர்கள். இப்படிச் செய்யலாம்.

உங்கள் கணக்கு அப்படியே இருக்கட்டும், நிர்வாகியாக, பாஸ்வேர்டோடு. வன்டிரைவை மட்டும் அந்தக் கணினியிலிருந்து பிரித்துவிடுங்கள். பிரித்தாலும் ஏற்கனவே இறங்கிய கோப்புகள் அந்த ஃபோல்டரில் கிடக்கும், அவற்றைப் பிறகு அழிக்க வேண்டும். முதலில் அழித்துவிட்டுப் பிறகு பிரித்தால் இணையத்தில் இருப்பதும் சேர்ந்து அழியும். ஒழுங்கு மாறக்கூடாது, பொடியனுக்கு இரண்டு தரம் சொல்லுங்கள்.

உங்கள் கணக்கை வைத்திருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறார்கள், அதற்குப் பதிய மைக்ரோசொப்ட் கணக்கு வேண்டும்.

பிறகு அப்பாவுக்கென்று தனிக் கணக்கு. செட்டிங்ஸில் எக்கவுண்ட்ஸ், அதில் குடும்பமும் ஏனையோரும் என்ற பகுதி. புது ஆளைச் சேர் என்றால் ஈமெயில் கேட்கும். அந்த ஆளின் விபரம் என்னிடம் இல்லை என்பதை அழுத்தி, அடுத்ததில் மைக்ரோசொப்ட் கணக்கு இல்லாமல் சேர் என்பதை அழுத்த வேண்டும். இரண்டு வாசல் தாண்டித்தான் விடுவார்கள். சாதாரணப் பயனராகவே இருக்கட்டும், நிர்வாகியாக்க வேண்டாம். அப்போது அப்பா தெரியாமல் ஏதாவது விளம்பரத்தை அழுத்தி 'இன்ஸ்டோல்' கொடுத்தாலும் கணினி உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நிற்கும். பாஸ்வேர்ட் போட்டால் மூன்று பாதுகாப்புக் கேள்வியும் கேட்கும், விடையை எழுதி வையுங்கள்.

இனித்தான் நீங்கள் கேட்டது. விண்டோஸ் விசையோடு ஆர் எழுத்தை அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் நெட்பிள்விஸ் என்று அடிக்க வேண்டும். எழுத்தெழுத்தாகச் சொல்கிறேன், சின்ன எழுத்தில்: என், ஈ, ரீ, பீ, எல், டபிள்யூ, ஐ, இஸட். பயனர் பட்டியல் வரும். அதற்கு மேலே, இந்தக் கணினியைப் பாவிக்கப் பெயரும் பாஸ்வேர்டும் கட்டாயம் என்று ஒரு வரி, முன்னால் சரி போட்ட கட்டம். பட்டியலில் அப்பாவின் பெயரைத் தெரிவுசெய்து, அந்தச் சரியை எடுத்துவிட்டு 'அப்ளை' கொடுத்தால் பாஸ்வேர்டை இரண்டு தரம் கேட்கும். பின் இலக்கம் இல்லை, பாஸ்வேர்ட்.

---

பாலையூற்று_ரீச்சர்

இதை நானும் வீட்டில் செய்து பார்த்தேன் தம்பி. அந்தக் கட்டமே காணவில்லை. பட்டியல் மட்டும் இருக்கிறது.

---

கடற்காற்று

அதைச் சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும் ரீச்சர். 2020 மே மாத விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து இந்த விளையாட்டு. செட்டிங்ஸில் சைன்-இன் ஒப்ஷன்ஸ் பக்கம் போனால், மைக்ரோசொப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் இலக்கம், விரல் அடையாளம், முகம்) மட்டும்தான் என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது போட்டிருந்தால் கட்டம் ஒளிந்துவிடும். மைக்ரோசொப்ட் கணக்கால் உள்ளே போய், அந்த சுவிட்சை நிறுத்தி, நெட்பிள்விஸை மூடித் திரும்பத் திறந்தால் கட்டம் வரும்.

கந்தோர் வலையமைப்போடு இணைத்த கணினி என்றால் அங்கே இதைத் தேட வேண்டாம். அதை யாருக்கும் தானாகத் திறக்க வைப்பது சரியான வேலையும் இல்லை.

---

பாலையூற்று_ரீச்சர்

வந்துவிட்டது! ஆனால் எங்கள் வீட்டில் நாலு பேர் ஒரு கணினி. மகன் சூம் வகுப்பு, மகள் கேம், நான் வினாத்தாள். யாருடைய கணக்குத் தானாகத் திறக்கும்?

---

கடற்காற்று

ஒருவருடையது மட்டும்தான். மற்றவர்கள் சைன் அவுட் செய்துவிட்டுத் தங்கள் கணக்குக்குப் போகலாம், அல்லது கணினி தொடங்கும்போதே ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால் தானாக நுழையாமல் பெயர்ப் பட்டியலில் நிற்கும். நாலு பேர் வீட்டில் செய்ய வேண்டாம் என்பேன். வினாத்தாள் இருக்கும் கணினி, ரீச்சர்!

---

பாலையூற்று_ரீச்சர்

சரி, விட்டுவிட்டேன். பாஸ்வேர்ட் கதை என்றாலே எனக்குப் பழைய காயம். இரண்டு வருடம் முதல் பாஸ்வேர்டை மறந்து ஒரு கடையில் கொடுத்தேன். ஏதோ பென்டிரைவைப் போட்டு ஐந்து நிமிடத்தில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டுக் காசும் வாங்கினார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் குரோமில் சேமித்து வைத்திருந்த ஒன்றும் இல்லை. கேட்டதற்கு "அது உங்கட பிழை மிஸ்" என்றார்கள்.

---

கடற்காற்று

கடைக்காரர் முதலே சொல்லியிருக்க வேண்டும். நீங்களே பழைய பாஸ்வேர்டைக் கொடுத்துப் புதிதாக மாற்றினால் விண்டோஸ் உள்ளேயிருக்கும் பூட்டுகளையும் சேர்த்து மாற்றும். வெளியிலிருந்து பலவந்தமாக அழித்தால் அந்தப் பூட்டுகள் பழைய பாஸ்வேர்டோடு நின்றுவிடும், உள்ளே இருந்தது இருந்தபடி இருக்கும், திறக்க வழி இராது. உங்கள் பிழை இல்லை ரீச்சர்.

---

கிண்ணியா_நானா

நானும் ஒரு கதை சொல்கிறேன் தங்கச்சி, கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

என்னுடையது போட்டோக்கொப்பிக் கடை. காலையில் கடையைத் திறக்கும்போதே சனம் நிற்கும், பாஸ்வேர்ட் அடித்துக்கொண்டிருக்க நேரமில்லை. ஆகவே கணினி திருத்துகிற ஒருவரிடம் சொல்லித் தானாகத் திறக்கச் செய்தேன். கரண்ட் போய் வந்தால் கணினி தானாகவே ஓட வேண்டும் என்றும் சொன்னேன், அதையும் பயோஸில் செய்து தந்தார். சந்தோசம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்க இருட்டான நாள். கடை பூட்டு. மாலையில் கரண்ட் வந்திருக்கிறது, கணினி தானாக ஓடியிருக்கிறது, தானாகத் திறந்திருக்கிறது. திங்கள் காலை வேலைக்கார பொடியன் எனக்கு முதல் போய்க் கடையைத் திறந்தால் என் ஈமெயில் திரையில் நிற்கிறது. அவன் நல்ல பிள்ளை, சும்மா இருந்தான். ஆனால் கணினி படிக்கிறவன் ஆயிற்றே, கிண்டிப் பார்த்திருக்கிறான். இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்து மெதுவாகச் சொல்கிறான்: "நானா, உங்கட பாஸ்வேர்ட் இன்னது தானே?" எனக்குத் தலை சுற்றிவிட்டது. ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்கை எல்லாம் எழுதி வைக்கும் இடத்தில், என் பாஸ்வேர்ட் அப்படியே வெறும் எழுத்தில் கிடந்ததாம். அதே பாஸ்வேர்டைத்தான் ஈமெயிலுக்கும் வைத்திருந்தேன், முட்டாள்தனம்.

---

கடற்காற்று

நானா சொல்வதை எல்லோரும் இரண்டு தரம் வாசியுங்கள். இணையத்தில் 'தானாக லொகின்' என்று தேடினால் பாதி இடத்தில் அந்த வழியைத்தான் சொல்லியிருப்பார்கள்: ரெஜிஸ்ட்ரியைத் திற, வின்லொகன் என்ற இடத்துக்குப் போ, பெயரை எழுது, பாஸ்வேர்டை எழுது. வேலை செய்யும். ஆனால் அந்தக் கணினியில் நுழைகிற யாரும் அதை வாசிக்கலாம், நிர்வாகியாகக்கூட இருக்கத் தேவையில்லை.

நெட்பிள்விஸ் அப்படி இல்லை, பாஸ்வேர்டை மறைகுறியாக்கி வேறு இடத்தில் வைக்கும். மைக்ரோசொப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ஒட்டோலொகன்' என்று ஒரு சின்ன மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதுவும் இப்படித்தான் வைக்கும். அதுவும் இரும்புப் பெட்டி இல்லை, நிர்வாகி உரிமை உள்ளவன் முயன்றால் எடுப்பான். அதனால்தான் அப்பாவின் கணக்குப் பாஸ்வேர்ட் வேறு எங்கும் பாவிக்காததாக இருக்க வேண்டும் என்கிறேன்.

கரண்ட் வந்ததும் தானாக ஓடுவது பற்றி: செய்ய வேண்டாம் நானா. நம் பக்கம் கரண்ட் வந்தால் ஒரு தடவையில் வருகிறதா? வந்து, போய், மினுங்கி, பிறகுதான் நிற்கும். ஒவ்வொரு தரமும் கணினி எழும்பி விழுந்தால் வட்டுத்தான் போகும்.

---

கிண்ணியா_நானா

அதை அன்றைக்கே நிறுத்திவிட்டேன். இப்போது நானே பாஸ்வேர்ட் அடிக்கிறேன், சனம் நிற்கட்டும்.

---

பெங்குயின்_தம்பி

கோணேசபுரி கம்பஸிலிருந்து எழுதுகிறேன். யாருமே சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன்: விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்கள் அக்கா. பழைய பெட்டிக்கு அதுதான் பொருத்தம். லொகின் விண்டோ என்ற செட்டிங்கில் அப்பாவின் பெயரை எழுதினால் முடிந்தது. ஒளிந்து விளையாடும் கட்டம் எல்லாம் இல்லை. வைரஸ் பயமும் குறைவு.

---

மூதூரான்

வந்திட்டார். நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

---

கடற்காற்று

தம்பி சொல்வதில் பிழை இல்லை, நானும் கடையில் நாலைந்து பேருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஆனால் குரோமைத் திறந்ததும் என்ன நடக்கும் என்பதையும் சொல்லு.

---

பெங்குயின்_தம்பி

சரி சரி. தானாக உள்ளே போனால் கீரிங் என்ற பாஸ்வேர்ட் பெட்டி திறபடாது. ஏனென்றால் அது வழக்கமாக நீங்கள் லொகினில் அடிக்கும் பாஸ்வேர்டால்தான் திறபடும். ஆகவே குரோமைத் திறந்ததும் அது பாஸ்வேர்ட் கேட்கும். கீரிங்குக்கு வெறும் பாஸ்வேர்ட் வைத்தால் கேட்காது, ஆனால் அப்போது உள்ளே இருப்பது பூட்டில்லாமல் இருக்கும். ஃபயர்பொக்ஸ் பாவித்தால் இந்தத் தொல்லை இல்லை.

---

உவர்மலையான்

வாசலில் கேட்காவிட்டால் ஹோலில் கேட்கும். எங்கேயாவது ஒரு இடத்தில் கேட்கத்தான் செய்யும்.

அக்கா, விரல் அடையாளம் வாசிக்கிற சின்ன யூஎஸ்பி கருவி விற்கிறார்களே, அதைப் பார்த்தீர்களா? பாதுகாப்பும் இருக்கும், அடிக்கவும் தேவையில்லை.

---

உப்புவெளி_மகள்

அப்பாவின் விரல் ரேகை தேய்ந்துபோய்விட்டது. போனிலும் பத்துத் தரம் வைத்தால் ஒரு தரம் எடுக்கும். கையும் ஆடும். வேண்டாம்.

ஃபில்டர் கீஸும் பார்த்தோம். வேலை செய்கிறது, ஆனால் இப்போது அப்பா மெதுவாக அழுத்தினால்தான் எழுத்து விழுகிறது, அவருக்குக் கோபம் வருகிறது. "நான் அடிச்சனான், அது எடுக்கேல்ல" என்று மேசையில் தட்டுகிறார். ஆகவே முடிவு செய்துவிட்டேன்: கடற்காற்று அண்ணா சொன்ன மாதிரித் தனிக் கணக்கு, அதுவே தானாகத் திறக்கட்டும். வங்கி வேலை எதுவும் அப்பா அதில் செய்வதில்லை, வீட்டுக்கு வருவதும் பொடியனும் சமைக்க வரும் அக்காவும்தான். சனிக்கிழமை பொடியன் வருகிறான்.

---

உவர்மலையான்

தனிக் கணக்கு என்றால் என் பாதி ஆட்சேபனை போய்விட்டது. ஈமெயிலை மட்டும் அதில் திறந்துவைக்க வேண்டாம். அப்பாவின் ஈமெயிலுக்குள் போனால் மற்ற எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றலாம், அதுதான் தாய்ச் சாவி.

---

உப்புவெளி_மகள்

சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

வன்டிரைவைப் பிரித்தோம், கோப்புகளை அழித்தோம், அந்த ஒழுங்கில்தான். புதுக் கணக்குத் திறந்தோம். பாதுகாப்புக் கேள்வியில் சின்ன வயதுப் பட்டப்பெயர் என்ன என்று கேட்டது. பொடியன் கேட்க, அப்பா சொல்ல மறுத்துவிட்டார். கடைசியில் காதுக்குள் சொன்னாராம். எனக்கு இதுவரை தெரியாது, அவனும் சொல்கிறானில்லை.

சுவிட்சை நிறுத்தினோம், கட்டம் வந்தது, சரியை எடுத்தோம், பாஸ்வேர்ட் கொடுத்தோம், எல்லாம் ஓகே என்றது. ரீஸ்டார்ட் செய்தால் பெயர் அல்லது பாஸ்வேர்ட் பிழை என்று நிற்கிறது! பொடியனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

---

கடற்காற்று

இரண்டு தரமும் ஒரே மாதிரிப் பிழையாக அடித்திருப்பான். நெட்பிள்விஸ் இரண்டும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கும், அது உண்மையான பாஸ்வேர்டா என்று சரிபார்ப்பதில்லை. அடுத்த முறை நுழையும்போதுதான் தெரியும். கப்ஸ்லொக் போட்டிருந்ததா?

---

உப்புவெளி_மகள்

போட்டிருந்தது. எப்படிக் கண்டீர்கள்?

திரும்பச் செய்தோம், இரண்டாம் தரம் நேரே உள்ளே போனது. வாட்ஸ்அப்புக்கு மட்டும் புதுக் கணக்கில் போனைக் காட்டித் திரும்ப இணைக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டைக் கடதாசியில் எழுதி, உறையில் போட்டு, அலுமாரியில் காணி உறுதியோடு வைத்தாயிற்று. அப்பாவுக்கு அந்த இடம்தான் பத்திரம்.

ஆனால் மத்தியானம் அப்பா சாப்பிட்டுப் படுத்து எழும்பிப் பார்த்தால் திரும்பவும் பாஸ்வேர்ட் கேட்டதாம்.

---

கடற்காற்று

அது தூங்கி எழும்புவது, நெட்பிள்விஸுக்குச் சம்பந்தமில்லை. தொடங்கும்போது நுழைவது வேறு, ஸ்லீப்பிலிருந்து எழும்பும்போது கேட்பது வேறு. அப்பாவின் கணக்கில் இருந்தபடி சைன்-இன் ஒப்ஷன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். கொஞ்ச நேரம் விலகியிருந்தால் எப்போது திரும்பக் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி இருக்கும், அதை ஒருபோதும் வேண்டாம் என்று மாற்றுங்கள். ஸ்கிரீன்சேவர் போட்டிருந்தால் அதிலும் திரும்பி வரும்போது லொகின் கேள் என்று ஒரு கட்டம் இருக்கும், அதையும் பாருங்கள்.

தூரத்திலிருந்து உதவ குயிக் அசிஸ்ட் பாவிப்பீர்கள் என்றால் இன்னொன்று. நிர்வாகி பாஸ்வேர்ட் கேட்கும் பெட்டி வரும்போது உங்கள் பக்கம் திரை கறுப்பாகிவிடும். கோல் அறுந்தது என்று நினைக்க வேண்டாம். அந்த நேரம் அங்கே பொடியன் இருந்து அடிக்க வேண்டும், அல்லது நீங்கள் ஊருக்கு வரும்வரை விட வேண்டும்.

---

உப்புவெளி_மகள்

மாற்றிவிட்டோம், இப்போது கேட்பதில்லை. நம்லொக்கும் பயோஸில் போட்டாயிற்று.

நேற்று ஞாயிறு. ஏழு மணிக்கே அப்பா கணினியைப் போட்டுவிட்டு எனக்குக் கோல் எடுத்தார். "பிள்ளை, ஒண்டும் கேட்கேல்ல, நேரா வந்திட்டுது. ஏதோ பிழை போல, ஒருக்காப் பார்." பிழை இல்லை என்று விளங்கப்படுத்தவே பத்து நிமிடம். தம்பியின் முகம் வந்ததும் போனை வைத்துவிட்டார், எனக்குச் சொல்லவும் இல்லை.

---

கிண்ணியா_நானா

மாஷா அல்லாஹ். கலண்டரில் எழுதிய அந்த ஏ1பி2சி3 என்ன ஆயிற்று?

---

உப்புவெளி_மகள்

இன்னும் இருக்கிறது நானா. தாளைக் கிழிக்கச் சொன்னேன், மாட்டாராம். அதே தாளில்தான் யூபிஎஸ் பற்றரி மாற்றிய திகதியும் எழுதியிருக்கிறாராம்.